கரைவலைக்காரர் ஊரில் யுரேனியம்: தென்னாப்பிரிக்கப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, டர்பன்

டர்பன் கடற்கரையில் ஒரு கன மீட்டர் கடல்நீரை மொண்டு எடுத்தால் அதில் கரைந்திருக்கும் யுரேனியம் ஏறத்தாழ 3.3 மில்லிகிராம். கன்னியாகுமரியில் எடுத்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஜப்பானில் எடுத்தாலும் அவ்வளவுதான். உப்பு கூடும் இடத்தில் சற்றுக் கூடும், ஆற்றுநீர் கலக்கும் இடத்தில் குறையும். உலகக் கடல்கள் எல்லாவற்றையும் கூட்டினால் 450 கோடி டன். நிலத்தில் எடுக்கக் கட்டுப்படியாகும் என்று கணக்கில் இருப்பது 60 லட்சத்திலிருந்து 80 லட்சம் டன்னுக்குள். அதைப்போல ஐந்நூறு மடங்குக்கும் மேல் கடலில் அலையடித்துக் கிடக்கிறது.

கல்லூரியில் பாலிமர் வேதியியல் நடத்துகிறேன். இந்தக் கணக்கைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இவ்வளவு இருந்தால் ஏன் சார் யாரும் எடுக்கவில்லை?" கரும்பலகையில் பதில் எழுதிக் காட்டலாம். ஆனால் யுரேனியம் மண்ணிலிருந்து எப்படி வந்தது, கடலில் எப்படிக் கிடக்கிறது, எங்கே எரிகிறது என்று மூன்றையும் நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்கத் தென்னாப்பிரிக்காவைத் தேர்ந்தெடுத்தேன். ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய தங்கச் சுரங்கங்களில் யுரேனியம் உடன்வந்த பொருள். கேப் டவுனுக்கு வடக்கே கூபர்க்கில், ஆப்பிரிக்கக் கண்டத்தில் மின்சாரம் தந்துகொண்டிருக்கும் ஒரே அணுமின் நிலையம். டர்பன் பக்கம் அகுல்ஹாஸ் நீரோட்டம்.

தங்கியிருப்பது சாட்ஸ்வொர்த்தில், ஓர் ஆசிரியை அக்காவின் வீட்டில். அவர் மாமனார் வாலிபத்திலிருந்து கரைவலை இழுத்தவர். இங்கே அதை 'சீன்' என்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததையும், அதற்குப் பின் கரும்புத் தோட்டங்களில் நம்மவர்கள் பட்டதையும் தமிழ்நாட்டில் பலரும் படித்திருப்போம். ஒப்பந்தம் முடிந்ததும் சிலர் தோட்டத்துக்குத் திரும்பாமல் டர்பன் துறைமுகத்து ஓரமாகக் குடிசை போட்டு வலை பின்னினார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படாத கதை. சாலிஸ்பரி தீவிலிருந்தும், பிறகு ஃபின்லண்ட்ஸிலிருந்தும் கிளப்பப்பட்டு, கடைசியில் கடலே தெரியாத சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தபின்னும் விடியற்காலை பஸ் பிடித்துக் கடலுக்குப் போயிருக்கிறார் தாத்தா.

இரவுச் சாப்பாட்டில் மொச்சை போலிருக்கும் சுகர் பீன்ஸ் குழம்பு, சேப்பங்கிழங்கு வகையைச் சேர்ந்த மதும்பி. நான் வந்த காரியத்தைக் கேட்டார் தாத்தா. கடலில் வலை போட்டு யுரேனியம் பிடிக்கிற விஷயம் என்றேன். கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டார். "வலை போடற வேலைன்னா என்னைக் கேளு தம்பி. நாளைக்கு வண்டி எடுத்துக்கிட்டுத் தெற்கே போலாம். மீன் வந்திருக்குதாம்."

சனி, ஸ்காட்பர்க்

மத்திக் கூட்டம். ஜூன், ஜூலையில் கரையோரமாகக் குளிர்ந்த நீர் ஒரு பட்டையாக வடக்கே நீளும்போது, அந்தப் பட்டைக்குள்ளேயே லட்சோப லட்சமாக மத்தி மேலேறி வரும். வெளியே வெதுவெதுப்பான அகுல்ஹாஸ், உள்ளே கரை, நடுவே மீன். இந்த ஆண்டின் கடைசிக் கூட்டமாக இருக்கலாம் என்றார்கள். படகு வளைத்துப் போட்டுவிட்டு வந்தது, இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடித்தார்கள். தமிழ் முகங்கள், ஜூலு முகங்கள், வேடிக்கை பார்க்க வந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள். வலை கரையேறியதும் கிரேட் கணக்கில் வியாபாரம்.

கடலில் குளிப்பவர்களைக் காக்கக் கட்டியிருக்கும் சுறா வலைகளைத் தூக்கிவிட்டார்களா என்று தாத்தா முதலில் விசாரித்தார். மத்தி வரும் நாட்களில் அவற்றை எடுத்துவிடுவது வழக்கம், இல்லையென்றால் மத்தியைத் துரத்திவரும் சுறாவும் ஓங்கிலும் கும்பலாகச் சிக்கும். டர்பனில் இந்த வலைகளை முதலில் போட்டது 1952இல். 1964இல் அதற்கென்றே ஒரு வாரியம் அமைந்தது, இன்றைக்கும் உம்லாங்காவில் இயங்குகிறது. என் விஷயத்துக்கு இது மிக முக்கியமான செய்தி. திறந்த கடலில் அலைக்கு நடுவே பின்னல் பொருளை நங்கூரமிட்டு நிறுத்துவது, விடியற்காலையில் படகில் போய்ப் பார்ப்பது, பாசி பிடித்ததைக் கழற்றிப் புதிதை மாட்டுவது, இதையெல்லாம் எழுபது ஆண்டுகளாகச் செய்துவரும் கை இந்தக் கரையில் இருக்கிறது.

மணலில் உட்கார்ந்து தாத்தாவுக்கு விளக்கினேன். கடலில் யுரேனியம் தனியாக இருப்பதில்லை. யுரேனைல் அயனியை மூன்று கார்பனேட்டுகள் சுற்றி நிற்கின்றன, வெளியே கால்சியமும் மக்னீசியமும் காவல். இந்தக் கட்டு உறுதியானது. அதனால் சேற்றிலும் ஒட்டாமல், படியாமல், லட்சக்கணக்கான ஆண்டுகள் நீரோடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கட்டிலிருந்து யுரேனியத்தைப் பிரித்து இழுக்கக்கூடிய பொருளைத் தேடித்தான் எல்லாரும் அலைந்தார்கள். பிரிட்டனில் 1960களில் டைட்டானியம் ஆக்சைடை முயன்றார்கள். ஜப்பான் 1980களில் அதே பொருளை வைத்துச் சோதனை ஆலையே கட்டியது. ஆனால் அந்த வழியில் கடல்நீரைப் பம்பு செய்து உறிஞ்சும் பொருளின் ஊடே தள்ள வேண்டும். ஒரு கிலோ யுரேனியத்துக்குக் குறைந்தது மூன்று லட்சம் கன மீட்டர் நீர், அதுவும் ஒரு அணுவைக்கூடத் தப்பவிடாமல் பிடித்தால். பம்புக்கே செலவு போய்விடும்.

மேற்கு ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சோதித்துப் பார்த்ததில் மேலே வந்தது அமிடாக்சைம், யுரேனியத்தை இறுகப் பற்றும் ஒரு வேதித்தொகுதி. செய்முறையை எளிதாகச் சொல்லலாம். பாலிஎதிலீன் இழையை எலக்ட்ரான் கற்றையிலோ காமா கதிரிலோ காட்டி, அதன்மீது அக்ரிலோநைட்ரைலை ஒட்டி வளர்க்கிறோம். பிறகு ஹைட்ராக்சிலமீனில் ஊறவைத்தால் அந்த நைட்ரைல் கிளைகள் அமிடாக்சைமாக மாறுகின்றன. கடைசியில் காரத்தில் பதப்படுத்த வேண்டும். இப்படித் தயாரான இழை கடலில் கிடந்தால் போதும், யுரேனியம் தானாக வந்து பற்றிக்கொள்ளும். பிறகு அமிலத்தில் அலசினால் இறங்கிவிடும். பம்பு வேண்டியதில்லை, அந்த வேலையைக் கடலே செய்கிறது.

தாத்தா கேட்ட கேள்விகளை அப்படியே எழுதிவைத்தேன்.

"எத்தனை நாள் தண்ணியில வுடுவாங்க?"

"முப்பது நாள், அறுபது நாள்னு வைப்பாங்க தாத்தா."

"அறுபது நாளா? இந்தத் தண்ணியிலயா? மூணு வாரத்துல பாசி மூடிடும். அப்புறம் சிப்பி ஏறும். சிப்பி ஏறின வலை ரெண்டு பங்கு கனம்."

அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு ஆய்வகம், சீக்விமில் உள்ள தன் கடல் நிலையத்தில் இதையேதான் அளந்து பார்த்தது. வெளிச்சம் படும் நீரில் பாசி மூடிய இழை, பிடிக்க வேண்டிய யுரேனியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இழந்தது. இருட்டில் வைத்ததில் இழப்பு சொற்பம். அதனால் ஆழத்தில் வைக்கச் சொல்கிறார்கள் என்றேன். தலையாட்டினார். "ஆமா. ஆழத்துல பாசி கம்மி. ஆனா தூக்கறது யாரு?"

சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். ஜப்பானியர்கள் முட்சு நகரக் கடலில், கரையிலிருந்து 7 கிலோமீட்டர் தள்ளி, 350 கிலோ அமிடாக்சைம் துணியைக் கட்டுக்கட்டாகச் சட்டத்தில் அடுக்கி இறக்கினார்கள். 1999 முதல் 2001 வரை நடுநடுவே தூக்கித் தூக்கி, மொத்தம் 240 நாள் ஊறவிட்டதில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் மஞ்சள் கேக், அதாவது செறிவூட்டலுக்கு முந்தைய யுரேனியத் தூள், கிடைத்தது. கடலிலிருந்து கிலோ அளவில் யுரேனியம் எடுக்க முடியும் என்று துணி காட்டியது அங்கேதான். ஆனால் செலவுக் கணக்கைப் பிரித்தபோது, பெரும்பங்கைத் தின்றது துணியும் ரசாயனமும் அல்ல. இரும்புச் சட்டமும் அதை மிதக்கவிட்டுத் தூக்குகிற ஏற்பாடும்தான்.

"அப்போ சட்டத்தை வுட்ரு," என்றார் தாத்தா. "தொங்கவிடாதே. தொங்கற வலையில திமிங்கிலம் மாட்டும். இப்போகூட மேலே போயிட்டுதான் இருக்குது. அடியில நட்டு வை. தானா நிக்கணும்."

மசாவோ தமாடா என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் முட்சுவுக்குப் பிறகு வந்துசேர்ந்த இடம் அதுவே. துணிக்கட்டை விட்டுவிட்டு இழையைச் சடையாகப் பின்னினார்கள். அறுபது மீட்டர் நீளச் சடை, அடியில் நங்கூரம், மிதக்கும் தன்மையால் நிமிர்ந்து நிற்கும். சட்டமே கிடையாது. ஒக்கினாவா கடலில் முப்பது நாள் வைத்ததில் ஒரு கிலோ இழைக்கு ஒன்றரை கிராம் யுரேனியம் பிடித்தது. ஆய்வுக்கூடம் பல ஆண்டுகள் செலவழித்துக் கண்ட ஒன்றை, வலை இழுத்த அனுபவம் ஒரு மதியத்தில் சொன்னதை நேரில் கேட்டேன். இந்தத் துறையில் பணம் போடுகிறவர்கள் வேதியியலாளர்களோடு மீனவர்களையும் முதல் நாளிலிருந்தே உட்காரவைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஞாயிறு, மவுண்ட் எட்ஜ்கோம்

ஆடி பிறந்துவிட்டது. மாரியம்மனுக்குக் கூழ். மவுண்ட் எட்ஜ்கோம் கோயிலில் காலை முதலே கூட்டம். இங்கே இதை 'போரிட்ஜ் பிரேயர்' என்கிறார்கள். தமிழ் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள், பாடுகிறவர்கள் எல்லா வயதினரும். பாட்டின் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் பாடுகிறார்கள் பிள்ளைகள்.

நான் வந்த விஷயம் அதற்குள் பரவியிருந்தது. கூழ் ஊற்றிக்கொண்டிருந்த ஆயா ஒருவர் கவலையோடு கேட்டார்: "கடல்ல யுரேனியம் கீதுன்னு சொல்றியே அய்யா, எங்க புள்ளைங்க தினம் குளிக்கிறாங்களே?" விளக்கமாகவே சொன்னேன். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. கடலில் இருப்பது 3.3, ஒன்பதில் ஒரு பங்கு. கடல்நீரின் இயற்கைக் கதிரியக்கத்தில் பெரும்பகுதி பொட்டாசியத்திலிருந்து வருவது, லிட்டருக்குச் சுமார் 12 பெக்கரல். யுரேனியம் 238 தருவது 0.04 மட்டும். நம் உடம்பிலும் அதே பொட்டாசியம்தான் ஓடுகிறது. குளிக்கட்டும் ஆயா, அலையை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். இன்னொரு சொம்பு கூழ் கிடைத்தது.

மாலை வீட்டுக்கு வந்து அக்காவின் சாப்பாட்டு மேசையில் ஒரு கணக்குப் போட்டோம். அவர் பள்ளியில் கணிதம் எடுப்பவர். அகுல்ஹாஸ் நீரோட்டம் இந்தக் கரையோரமாகத் தெற்கே சுமப்பது வினாடிக்கு ஏறத்தாழ 7 கோடி கன மீட்டர். அதில் கரைந்திருக்கும் யுரேனியம் வினாடிக்கு 231 கிலோ. ஒரு நாளைக்கு 20,000 டன்னை ஒட்டி வருகிறது. உலகின் எல்லா அணு உலைகளுக்கும் ஓர் ஆண்டுக்குத் தேவைப்படுவது சுமார் 65,000 டன். நாலு நாளைக்குள் அவ்வளவும் இந்த வாசல் வழியே கடந்துபோகிறது. அக்கா கால்குலேட்டரை அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதே விடை.

வெப்பமும் நமக்குச் சாதகம். அமிடாக்சைம் யுரேனியத்தைப் பிடிப்பது சூட்டை உள்வாங்கும் வினை, நீர் வெதுவெதுப்பாக இருந்தால் பிடிப்பு கூடும். 20 டிகிரி முட்சுவைவிட 30 டிகிரி ஒக்கினாவாவில் ஒன்றரை மடங்கு என்பது ஜப்பானிய அனுபவம். டர்பன் நீர் குளிர்காலத்திலும் 20க்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை, கோடையில் 25ஐத் தொடும்.

பாதகமும் உண்டு, அதையும் எழுதியாக வேண்டும். போர்ட் எட்வர்டுக்குத் தெற்கே கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) குறுகி நீரோட்டம் கரைக்கு வெகு அருகில் வருகிறது. அங்கே அதன் வேகம் வினாடிக்கு இரண்டு மீட்டர் வரை போகும். தென்மேற்குக் காற்று எதிர்த்து அடிக்கும்போது எழும் பேரலைகள் கப்பல்களை உடைத்திருக்கின்றன. 1909 ஜூலையில் டர்பனிலிருந்து புறப்பட்ட வாராட்டா கப்பல் 211 பேரோடு இந்தக் கடலில் காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. அங்கே சடையை நட முடியாது. டர்பனுக்கு நேரே திட்டு அகலமானது, நீரோட்டத்தின் வேகமும் கரைப்பக்கம் தணிகிறது. வேண்டியது ஓடும் நீர், ஆனால் அறுத்துப்போகாத நீர். அந்த விளிம்பைத் தேட வேண்டும்.

செவ்வாய், க்ரூகர்ஸ்டோர்ப்

நேற்று ஜோகன்னஸ்பர்க் வந்தேன். பிராம்ஃபான்டைன் கல்லறைத் தோட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மை கிடக்கும் இடத்தில் பூ வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இன்று, சுரங்கப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு தமிழர் காரில் க்ரூகர்ஸ்டோர்ப் அழைத்துப்போனார். லெனேஷியாவில் இருப்பவர். வழியெல்லாம் வெளிர்மஞ்சள் குன்றுகள். இயற்கையான குன்று ஒன்றுகூட இல்லை, எல்லாம் தங்கம் எடுத்தபின் கொட்டிய அரைமண். நூறு ஆண்டுக்கு மேலாகக் குவிந்தது.

இந்தப் பாறையில் யுரேனியம் இருப்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கவனத்துக்கு வந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் வெடிகுண்டுக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். 1952 அக்டோபரில், க்ரூகர்ஸ்டோர்ப்பில் வெஸ்ட் ராண்ட் கன்சாலிடேட்டட் சுரங்கத்தில் முதல் யுரேனிய ஆலை திறந்தார்கள். டர்பனில் முதல் சுறா வலை இறங்கிய அதே ஆண்டு. ஒரு டன் பாறைக்கு நூறு முதல் முந்நூறு கிராம் யுரேனியம். தங்கத்துக்காக ஏற்கெனவே தோண்டி, தூக்கி, அரைத்துவிட்ட பாறை என்பதால் யுரேனியத்துக்குத் தனிச் செலவு கொஞ்சம்தான். இதையும் ஒரு டன் கடல்நீரின் 3.3 மில்லிகிராமையும் வைத்துப் பாருங்கள், பல்லாயிரம் மடங்கு வித்தியாசம். கடல் யுரேனியம் விலையில் தோற்பதன் வேர் இங்கே இருக்கிறது.

ஆனால் அந்த மலிவு விலையில் எது சேரவில்லை என்பதையும் பார்த்தேன். பாறையில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் உண்டு. காற்றும் நீரும் பட்டால் அது கந்தக அமிலமாகிறது, அமிலம் உலோகங்களைக் கரைக்கிறது. சுரங்கங்களை மூடிப் பம்புகளை நிறுத்தியபின் நிலத்தடியில் நீர் ஏறிக்கொண்டே வந்து, 2002இல் க்ரூகர்ஸ்டோர்ப் பக்கம் கைவிட்ட சுரங்க வாயிலிருந்து வெளியே வழியத் தொடங்கியது. செம்மஞ்சள் நிற நீர். ஓடைக்கரையில் நின்றபோது காலணியோரம் படிந்த அந்தத் துருநிறத்தைப் பொறியாளர் சுட்டிக்காட்டினார். "நான் முப்பது வருஷம் கீழே வேலை பார்த்தவன். நாங்க எடுத்ததுக்குக் கணக்கு இருக்கு. விட்டுட்டு வந்ததுக்கு யாரும் கணக்கு எழுதல," என்றார். அந்தக் குன்றுகளில் இன்னும் லட்சக்கணக்கான டன் யுரேனியம் கிடக்கிறது. காற்றடித்தால் தூசியாகப் பறக்கும் தூரத்தில் மக்கள் குடியிருக்கிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

விட்வாட்டர்ஸ்ராண்ட் மேடு நீர் பிரியும் முகடு. வடக்குச் சரிவில் விழும் மழை க்ரோகடைல் ஆறு வழியாக லிம்போபோவில் கலந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகிறது. தெற்குச் சரிவில் விழுவது வால் ஆற்றில் சேர்ந்து ஆரஞ்சு ஆறாக அட்லாண்டிக்குக்குப் போகிறது. குன்றுகளிலிருந்து கரையும் யுரேனியத்தில் பெரும்பங்கு வழியிலுள்ள சதுப்பிலும் சேற்றிலும் படிந்துவிடும். கேடு விளைவதும் அங்கேதான். ஆனாலும் பாறை கரைந்து, ஆறு சுமந்து, கடல் சேர்வது என்ற பாதை மனிதன் வருவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே இருந்தது. கடலில் உள்ள 450 கோடி டன்னும் அப்படி வந்து சேர்ந்ததுதான். அங்கிருந்து எடுத்தால் குன்று எழாது, சுரங்கம் வழியாது.

விலையை ஒப்பிடுகிறவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. ஒரு பக்கம் இழை, நங்கூரம், படகு, அமிலம் எல்லாவற்றையும் கடைசிக் காசு வரை சேர்க்கிறார்கள். மறுபக்கம் இந்த ஓடையைச் சேர்ப்பதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தாலும் இன்றைக்குக் கடல் யுரேனியமே மலிவு என்று நான் சொல்ல மாட்டேன். இடைவெளி நமக்குக் காட்டப்படுகிற அளவு பெரிதல்ல என்று மட்டும் சொல்வேன்.

புதன்

கேப் டவுனுக்கு விமானம். மழை. ரைலண்ட்ஸ் சிவாலயத்துக்குப் பக்கத்தில் தங்க இடம் கொடுத்திருக்கிறார்கள், டர்பன் அக்காவின் தங்கை குடும்பம்.

வியாழன், கூபர்க்

மெல்க்போஸ்ஸ்ட்ராண்ட் கடற்கரையில் நின்றால் வடக்கே கூபர்க்கின் இரண்டு கூண்டுகள் தெரிகின்றன. 1984இலும் 1985இலும் ஓடத் தொடங்கிய பிரெஞ்சு வடிவமைப்பு உலைகள். சுற்றிலும் இயற்கைக் காப்பிடம், வரிக்குதிரைகள் மேய்கின்றன. தங்கையின் மகள் உடன் வந்தாள். பல்கலைக்கழகத்தில் கடலியல் படிக்கிறாள். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும்.

நான் இங்கே வந்தது ஒரே ஓர் எண்ணுக்காக. இரண்டு அலகுகளும் முழுதாக ஓடும்போது, நீராவியைக் குளிர்விக்க அட்லாண்டிக்கிலிருந்து இந்த நிலையம் இழுப்பது வினாடிக்குச் சுமார் 80 டன் நீர். அணைச் சுவர் கட்டிய தேக்கத்திலிருந்து உள்ளே போய், சூடேறி, மறுபக்கம் கடலுக்கே திரும்புகிறது. பம்புச் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. அந்த நீரில் உள்ள யுரேனியத்தை வழியிலேயே பிடித்துக்கொண்டால் என்ன? உலை தன் எரிபொருளைத் தன் குளிர்நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளுமே! இந்த யோசனை வராத வேதியியல் மாணவர் இல்லை. பார்க்க அழகாக இருக்கிறது.

மணலில் குச்சியால் எழுதினோம். வினாடிக்கு 80 கன மீட்டர், ஒவ்வொன்றிலும் 3.3 மில்லிகிராம் என்றால் 264 மில்லிகிராம். நாளைக்கு 23 கிலோ. ஆண்டு முழுதும் நிற்காமல் ஓடி, ஒரு துளியையும் விடாமல் பிடித்தால் 8 டன்னுக்குச் சற்று மேல். இந்த இரண்டு உலைகளுக்கும் ஆண்டுக்கு வேண்டிய இயற்கை யுரேனியம் சுமார் 300 டன். முப்பதில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அதிலும் நடைமுறையில் கிடைப்பது சிறு பகுதிதான், ஏனென்றால் நீர் உள்ளே இருக்கும் நேரம் நிமிடங்கள், இழை யுரேனியத்தைப் பற்றுவதற்கு வேண்டியது வாரங்கள்.

பெண் கொஞ்ச நேரம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ பம்பு செய்தால் ஒருநாளும் முடியாதா அங்கிள்?" என்றாள், தமிழிலேயே. முடியாது. மனிதன் கட்டிய பம்பு எதுவும் கடலின் அளவுக்கு எட்டாது. டர்பன் மேசையில் அகுல்ஹாஸுக்கு வந்தது வினாடிக்கு 231 கிலோ, இங்கே வினாடிக்குக் கால் கிராம். என் மாணவர்களின் கேள்விக்கு விடை இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது. யுரேனியம் குறைவு என்பது தடையே அல்ல. அவ்வளவு நீரை நம்மிடம் கொண்டுவர முடியாது, நாம்தான் நீர் ஓடும் இடத்துக்குப் போக வேண்டும். போனபின் பல வாரங்கள் அங்கே தாக்குப்பிடிக்க வேண்டும்.

தாக்குப்பிடிப்பதில் பாசியும் அலையும் போக இன்னொரு எதிரி, வனேடியம் என்ற உலோகம். கடலில் யுரேனியத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கிறது, ஆனால் அமிடாக்சைமுக்கு அதன்மேல் பிடிப்பு அதிகம். இழையில் யுரேனியத்துக்குரிய இடங்களை வனேடியம் எடுத்துக்கொள்கிறது. எடுத்தபின் எளிதில் இறங்குவதும் இல்லை. அதை இறக்கக் கடுமையான அமிலம் போட்டால் இழையே கெடுகிறது, பத்து முறை உழைக்க வேண்டிய இழை சில முறைகளிலேயே சோர்ந்துவிடுகிறது. என் துறைக்காரர்கள் இப்போது அதிகம் மல்லுக்கட்டுவது இதனோடுதான். என்னைக் கேட்டால் பிடிக்கும் திறனை இன்னும் இரண்டு மடங்காக்குவதைவிட, ஒரே இழையைப் பலமுறை திரும்பக் கடலில் இறக்க முடிவதே பெரிய வெற்றி.

2018இல் அதே பசிபிக் வடமேற்கு ஆய்வகமும் ஐடஹோவைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனமும் சேர்ந்து, கடையில் கிடைக்கும் சாதாரண அக்ரிலிக் நூலையே வேதியியல் முறையில் மாற்றி, கடல்நீரிலிருந்து ஐந்து கிராம் மஞ்சள் கேக் எடுத்தார்கள். ஐந்து கிராம் கேலிக்குரியதாகத் தோன்றலாம். எனக்கு அந்தச் செய்தி பெரிய மகிழ்ச்சி தந்தது. சிறப்பு இழையும் கதிர்வீச்சுக் கூடமும் இல்லாமல், ஸ்வெட்டர் பின்னுகிற நூலில் வேலை நடக்கும் என்றால், டர்பனும் தூத்துக்குடியும் இதைச் செய்துபார்க்கலாம்.

திரும்பும் வழியில் பாறைக்கரையில் கெல்ப் என்ற பெரிய கடற்பாசிகளின் காடு பார்த்தோம். எக்லோனியா இனம், அடியில் பாறையைப் பற்றிக்கொண்டு, உள்ளே காற்றடைத்த தண்டால் நிமிர்ந்து, அலைக்கு வளைந்து கொடுத்து நிற்கிறது. ஜப்பானியர்களின் சடையும் கடலடியில் இப்படித்தான் நிற்கும். நீர் 12 டிகிரி. கையை வைத்தால் விறைக்கிறது. உலை இருக்கும் கரையில் நீர் குளிர், வெதுவெதுப்பான நீரோட்டம் ஓடும் கரையில் உலை இல்லை. அதனால் நட்டம் ஒன்றுமில்லை, மஞ்சள் கேக்கை லாரியில் ஏற்றலாம்.

வெள்ளி, கேப் டவுன்

கிளம்புவதற்கு முன் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து ஒரு சோதனைத் திட்டம் எழுதினோம். அவள் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுவாள், நான் என் துறைத்தலைவரிடம்.

ஒரே தொகுதியில் தயாரித்த அக்ரிலிக் சடைகள். பாதி டர்பனுக்கு வெளியே, பாதி கேப் பக்கம் ஃபால்ஸ் விரிகுடாவில். ஒவ்வோர் இடத்திலும் சில வெளிச்ச ஆழத்தில், சில அதற்குக் கீழே. முப்பதாம் நாளும் அறுபதாம் நாளும் எடுக்க வேண்டும். எடுத்ததும் முதலில் பாசியோடு எடை, பிறகு கழுவி எடை. இழையைக் கரைத்து, யுரேனியமும் வனேடியமும் என்ன விகிதத்தில் ஏறியிருக்கிறது என்று நிறமாலைமானியில் அளக்க வேண்டும். அலசிய இழையை மறுபடி இறக்கி, இரண்டாம் சுற்றில் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். வேக அளவி ஒன்று கூடவே இருக்க வேண்டும், இல்லையென்றால் வித்தியாசம் வெப்பத்தால் வந்ததா நீரோட்டத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

டர்பன் பக்கம் நங்கூரம் எங்கே, எப்படிப் போடுவது என்ற பத்தி காலியாக இருந்தது. தாத்தாவுக்குப் போன் செய்தோம். முதலில் எத்தனை கிலோ என்று கேட்டார், பிறகு ஆழம் கேட்டார், பிறகு எந்த மாதம் என்றார். ஆகஸ்ட் காற்றில் வேண்டாம், நவம்பரில் திமிங்கிலங்கள் தெற்கே திரும்பி முடிக்கட்டும், டிசம்பர் விடுமுறைக் கூட்டம் போனபிறகு ஜனவரியில் இறக்கு என்றார். அப்படியே எழுதிக்கொண்டோம். அனுமதி கேட்க வேண்டிய அலுவலகங்களின் பட்டியலை அவள் தயாரிக்கிறாள், நூல் பதப்படுத்தும் வேலை என்னுடையது.